பழைய மோட்டார் வண்டியின் வெள்ளை உலோகங்கள்

“ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!” என்று கூவிக்கொண்டு தெருவில் வரும் பழஞ்சாமான் வியாபாரியின் குரலைப் பெரியவர்கள் பலர் இளமையில் கேட்டிருப்பார்கள். அவருடைய அகராதியில் ஈயம் என்னும் ஒரே சொல்லுக்கு நான்கு பொருள் உண்டு. காரீயமும் ஈயந்தான், பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயமும் ஈயந்தான், துத்தநாகமும் ஈயந்தான்; அலுமினியச் சட்டியையும் நம் வீடுகளில் ஈயச்சட்டி என்றே சொல்லி வந்தோம். பேரீச்சம்பழத்துக்கு மாற்றும்போது இதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் உடைந்துபோன ஒரு பொருளைச் செப்பனிட நெருப்பின்முன் உட்காரும்போது, பெயர் மாறினால் பொருளே அழிந்துவிடும். இதனை நான் எந்தப் புத்தகத்திலும் படித்து அறியவில்லை. என் மாமனுடைய மோட்டார் வண்டியைக் கெடுத்து அறிந்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி செல்லும் பெருஞ்சாலையில், ஏறக்குறைய நடுவழியில், பொன்மலைக் குன்றும் அதன்மேல் வேலாயுதசாமி கோயிலுமாகத் தோன்றும் ஊர் கிணத்துக்கடவு. அங்கே என் மாமனுடைய தோட்டத்துச் சாளையில், 1950களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட வண்டி ஒன்று நின்றிருந்தது. 1970களின் இறுதியில், நான் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த காலத்தில், அதன் முன்கதவுக் கைப்பிடி இரண்டாக முறிந்துவிட்டது. மேலே பளபளவென்று குரோமிய முலாம். முறிந்த இடத்தில் சாம்பல் நிறமான, மணல்போன்ற பொருபொருப்பு. ‘அலுமினியமாக இருக்கும், பற்றவைத்தால் ஒட்டிக்கொள்ளும்’ என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மண்ணெண்ணெய் ஊதுவிளக்கைக் கொளுத்தினேன். உலோகம் சிவக்கட்டும் என்று காத்திருந்தேன். அது சிவக்கவேயில்லை. நிறம் சிறிதும் மாறாமல் இருந்த கைப்பிடி திடீரென்று குழைந்து, வெல்லப்பாகு சொட்டுவதுபோலச் செங்கல்லின்மேல் வழிந்துவிட்டது. முலாம் மட்டும் சுருங்கிய தோல்போலத் தனியே கிடந்தது. மாமன் கோபிக்கவில்லை. “ஏனுங்க மாப்பிள்ளை, இதுக்கெல்லாம் காலேஜுல பாடம் இல்லீங்களா?” என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூட அத்தனை உறைத்திருக்காது.

கொங்கு நாட்டில் இத்தகைய வண்டிகள் பல காலம் உயிர்வாழ்ந்ததற்குக் காரணம் உண்டு. ஜி. டி. நாயுடு 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொடங்கிய தொழில், பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அவர் முதன்முதலில் செய்த காரியம், ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பப் பூட்டியதுதான் என்பது இப்பகுதியில் எல்லோரும் அறிந்த செய்தி. பிரித்துப் பார்க்கும் அந்தப் பழக்கம் ஊருக்கே தொற்றிக்கொண்டது எனலாம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைக்காமல், பேருந்தின் பின்புறம் கரியடுப்பைப் பொருத்தி அதன் வாயுவால் வண்டி ஓட்டிய காலமும் இருந்தது. பின்னர், பம்பாயில் 1928 முதல் வண்டிகளைப் பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1954இல் தன் வேலையை நிறுத்திக்கொண்டது. இறக்குமதியும் இறுகிப்போயிற்று. ஷெவர்லே வைத்திருந்தவருக்குப் புதிய உறுப்பு எங்கிருந்து வரும்? நெசவாலை இயந்திரங்களுக்கும் கிணற்றுப் பம்புகளுக்கும் வார்ப்பு வேலை செய்து பழகிய கோவைப் பட்டறைகளிலிருந்துதான் வரவேண்டியிருந்தது. கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர்கள், வண்டிகளின் வடிவத்தை மட்டும் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடாமல், கைப்பிடி, விளக்கு வளையம், முகப்பு அணி ஆகியவற்றையும் சற்று நின்று நோக்க வேண்டும். நான் சொல்லப்போவது அந்தச் சிறு உறுப்புகளின் கதை.

பழைய வண்டிகளில் இரும்பல்லாத வெள்ளை உறுப்புகள் பெரும்பாலும் இரண்டு இனத்தைச் சேர்ந்தவை. ஒன்று அலுமினியம்: பல்லிணைப் பெட்டியின் கூடு, சில எஞ்சின்களின் தலைப்பகுதி, நீரேற்றியின் உடல் போன்றவை. மற்றொன்று துத்தநாகத்தை முதன்மையாகக் கொண்ட கலப்புலோகம்: கதவுக் கைப்பிடி, முகப்பு அணிகள், விளக்கு வளையங்கள், பல கார்புரேட்டர்களின் உடல் ஆகியவை. இந்த இரண்டாவதைத்தான் பட்டறைக்காரர்கள் பாட் மெட்டல் என்பர். கையில் கிடைத்த மலிவான உலோகங்களையெல்லாம் ஒரே பானையில் போட்டு உருக்கியது என்னும் ஏளனம் அந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது.

ஏளனத்துக்குரிய பொருளை உற்பத்தியாளர்கள் ஏன் விரும்பினார்கள்? துத்தநாகக் கலவை 380 டிகிரி சென்டிகிரேடுக்குச் சற்று மேலேயே உருகிவிடும். உருகியதை எஃகு அச்சினுள் அழுத்தித் தள்ளினால், மெல்லிய சுவரும் நுண்ணிய கோடும் எழுத்தும் அப்படியே பதியும். எஃகு அச்சும் நெடுநாள் உழைக்கும். வெளிவரும் உறுப்பின் முகம் வழவழப்பாக இருப்பதால் செம்பு, நிக்கல், குரோமியம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக முலாமிடுவதும் எளிது. எனவே 1930களிலிருந்து மோட்டார் வண்டியின் பளபளப்பில் பெரும்பகுதி இந்த உலோகத்தின் பளபளப்பாகவே இருந்தது.

இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. நான் அன்று செய்யத் தவறியதும், ஒன்பதாம் வகுப்பு மாணவன்கூடச் செய்யக்கூடியதுமான சோதனை ஒன்று இருக்கிறது. அது ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழி. முறிந்த துண்டை நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு எடை காண்க. பின்னர் அது முழுவதும் தண்ணீரில் மூழ்கியிருக்குமாறு தொங்கவிட்டு மீண்டும் எடை காண்க. காற்றில் 198 கிராம், நீரில் 168 கிராம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 30 கிராம். 198ஐ 30ஆல் வகுத்தால் 6.6, இது துத்தநாகக் கலவை. அதே அளவுள்ள அலுமினியத் துண்டு காற்றில் 81 கிராம்தான் இருக்கும், வகுத்தால் 2.7 வரும். 8.4க்குமேல் வந்தால் பித்தளை என்று மகிழலாம். விடை 1.8க்கு அருகே வந்தால் மட்டும் நெருப்பைத் தொலைவில் வைத்துவிட வேண்டும். அது மக்னீசியக் கலவை. வோக்ஸ்வாகன் பீட்டில் வண்டியின் எஞ்சின் கூடு அத்தகையது. அதன் சீவலும் தூளும் தீப்பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது; ஊற்றினால் தீ மேலும் சீறும்.

உலோகம் துத்தநாகக் கலவை என்று தெரிந்தபின் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். அது முறிந்தது புண்ணாலா, நோயாலா? கல்லில் மோதி முறிந்தால் அது புண், ஆற்றலாம். யாரும் தொடாமலே விரிசல்விட்டு, உப்பி, கோணி, கையில் எடுத்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் அது நோய். ஜெர்மானியர் இதற்குத் துத்தநாகக் கொள்ளைநோய் என்னும் பொருள்பட ஒரு பெயரிட்டிருக்கின்றனர். கொள்ளைநோய் என்றாலும் ஓர் உறுப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதில்லை. ஒவ்வோர் உறுப்பும் வார்க்கப்பட்ட நாளிலேயே தன் விதியை உள்ளே சுமந்துகொண்டு வருகிறது. போருக்கு முன்பு இங்கிலாந்தில் விற்ற ஹார்ன்பி பொம்மை ரயில்களையும் டிங்கி பொம்மை வண்டிகளையும் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தவர்கள், பல ஆண்டுகளுக்குப் பின் திறந்து பார்த்தபோது, அவற்றுள் சில விளையாடப்படாமலே நொறுங்கிக் கிடந்ததைக் கண்டார்கள். காரணம் இந்த நோய்தான்.

நோயின் மூலம் யாது? உருகிய துத்தநாகம் உறையும்போது எண்ணற்ற சிறு மணிகளாகத் திரள்கிறது. அதில் சிறிதளவு காரீயமோ, வெள்ளீயமோ, காட்மியமோ கலந்திருந்தால், அவை மணிகளுக்குள் கரைந்து அடங்காமல், மணிக்கும் மணிக்கும் இடையேயுள்ள எல்லைக் கோடுகளில் ஒதுங்கி நிற்கும். வெப்பமும் ஈரமும் உள்ள காற்று பட்டால் அரிப்பு அந்தக் கோடுகள் வழியே உள்ளே நுழைகிறது. அரிப்பால் உண்டாகும் பொருள், அரிக்கப்பட்ட உலோகத்தைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால் உறுப்பு உள்ளிருந்தே பிளக்கிறது. சுவரின் விரிசலில் முளைத்த ஆலங்கன்று சுவரையே பிளப்பதை நாம் பார்த்ததில்லையா? அதுபோலத்தான். பழஞ்சாமானையெல்லாம் ஒன்றாக உருக்கிய பானையில் காரீயப் பற்றாசு ஒட்டிய ஒரு துண்டு விழுந்தாலே போதும், இவ்வளவும் நிகழ்வதற்கு.

இந்நோய்க்குத் தடுப்பு மருந்து தூய்மை. தூய துத்தநாகம் பெறும் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. ஆதலால் சற்று விலகிச் சென்று அதைச் சொல்ல விரும்புகிறேன். துத்தநாகத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பது இரும்பைப் பிரிப்பதுபோல் அன்று. உலையில் தாது கரியோடு சேர்ந்து மாறுதலடைய ஏறக்குறைய 1000 டிகிரி வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவி வெளியேறிக் காற்றில்பட்டால் வெண்மையான தூளாகிவிடும், உலோகம் மிஞ்சாது. இராஜஸ்தானத்தில் உதயப்பூருக்கு அருகிலுள்ள ஜாவர் என்னுமிடத்தில் நம் முன்னோர் இதற்கு வழி கண்டனர். கத்தரிக்காய் வடிவான மண்குடுவைகளில் தாதுவை அடைத்து, 36 குடுவைகளை ஓர் உலையில் தலைகீழாக நிறுத்தி, மேலே தீயும் கீழே குளிர்ந்த அறையுமாக அமைத்து, ஆவியைக் கீழ்நோக்கி வடித்து உலோகமாக்கினர். 1980களில் நடந்த அகழாய்வில் இவ்வுலைகள் குடுவைகளோடு வெளிப்பட்டன. ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கும் முறைக்கு உரிமை பெற்ற ஆண்டு 1738. ஜாவர் உலைகள் அதற்குப் பல நூற்றாண்டு முற்பட்டவை.

வடிப்பது என்னும் இந்தக் கருத்தே பிற்காலத்தில் மோட்டார் வண்டிக் கைப்பிடியைக் காத்தது. காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும், துத்தநாகம் 907இல், காரீயமோ 1749 டிகிரி வரை அசையாது. எனவே மீண்டும் மீண்டும் வடித்தால் மூன்றும் பிரிந்து, 99.99 விழுக்காடு தூய்மையான துத்தநாகம் கிடைக்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் இத்தகைய தூய உலோகத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு அலுமினியமும், உணவுக்கு உப்புப்போல மிகச் சிறிதளவு மக்னீசியமும் கூட்டி 1929இல் ஜாமாக் என்னும் கலவை வகைகளை வெளியிட்டது. துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த பெயர் அது. இங்கிலாந்தில் இதே இனத்தை மசாக் என்பர். இக்கலவையில் காரீயம் நூறாயிரம் பங்கில் ஐந்து பங்குக்குமேல் இருத்தல் ஆகாது என்பது விதி. விதி வந்தவுடன் எல்லா வார்ப்புச் சாலைகளும் திருந்திவிடவில்லை. குறிப்பாகப் போர்க்காலத்துப் பஞ்சத்தில் கிடைத்ததையெல்லாம் உருக்கியவர் பலர். ஆகவே 1929க்குப் பிந்தியது என்பதனாலேயே ஓர் உறுப்பை நம்பிவிடக் கூடாது.

நோய்கண்ட உறுப்பைச் செப்பனிட வழியில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒட்டுப் போட்டாலும் ஒட்டுக்குப் பக்கத்தில் பிளக்கும். அதனை வெப்பமும் ஈரமும் இல்லாத இடத்தில் பார்வைக்கு வைக்கலாம். வண்டியில் பூட்டிப் பயன்படுத்துவது பேதைமை. பெட்ரோல் ஓடும் கார்புரேட்டரில் இப்பேதைமை உயிருக்கே ஆபத்தாகும்.

புண்பட்ட உறுப்புக்கு வழிகள் உண்டு. முலாம் கொப்புளித்துச் சிறு குழிகள் விழுந்திருப்பதே மிகுதியாகக் காணப்படும் குறை. முலாமில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும், ஈரம் அங்கே புகுந்ததும், செம்பும் நிக்கலும் ஒருபுறம், துத்தநாகம் மறுபுறமாக அங்கு ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அந்தக் கலத்தில் கரைந்து தேய்வது துத்தநாகமே. இதற்குச் செய்யத்தக்கது, பழைய முலாமை நீக்கி, குழிகளின் அடியில் உள்ள வெண்பொடி முழுவதையும் சுரண்டியெடுத்து, முதலில் மெல்லிய செம்பு முலாம் இடுவது. செம்பின்மேல் பற்றாசு நன்றாகப் பிடிக்கும். ஆதலால் அதன்பின் குழிகளைப் பற்றாசினால் நிரப்பலாம். காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்த வழக்கமான பற்றாசு 183 டிகிரியில் உருகத் தொடங்கும். பிஸ்மத்தும் வெள்ளீயமும் சேர்ந்த ஒருவகை 138 டிகிரியிலேயே உருகும். அடிப்படை உலோகம் உருகும் 380 டிகிரிக்கும் இதற்கும் இடையே நல்ல இடைவெளி இருப்பதால் கை சற்றுத் தவறினாலும் கேடில்லை. நிரப்பியதைத் தேய்த்துச் சமன்செய்து, மீண்டும் செம்பு, பிறகு நிக்கல், இறுதியில் குரோமியம் என்று ஏற்ற வேண்டும். முதற்செம்புக்குச் சயனைடுக் கரைசலும், குரோமியத்துக்கு நச்சுத்தன்மையுள்ள அமிலக் கரைசலும் முலாம்பட்டறைகளில் பயன்பட்டு வந்திருக்கின்றன. ஆகவே, மாணவர்கள் இதை வீட்டுத் தாழ்வாரத்தில் செய்துபார்க்கும் எண்ணம் கொள்ளலாகாது.

இரண்டாக முறிந்திருந்தால், இருபுறமும் துளையிட்டுப் பித்தளை ஊசியைச் செருகி, அரால்டைட் போன்ற பசையால் இணைத்து, பின்புறம் தகடு ஒன்று தாங்குமாறு திருகுவது போதும். இதனைத் தாழ்ந்த வேலை என்று எள்ளுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ள ஊசி நாள்தோறும் கதவைத் திறக்கும் கையின் பாரத்தைத் தாங்குமானால், நெருப்பைத் தொட வேண்டிய அவசியம் என்ன? பொருட்காட்சிகளில் ஒரு கம்பியைக் காட்டி, ‘எந்த வெள்ளை உலோகத்தையும் இதனால் ஒட்டலாம்’ என்று செய்துகாட்டுவார்கள். அது துத்தநாகத்தையே முதன்மையாகக் கொண்ட கம்பி. 390 டிகிரி அளவில் உருகுவது. 660 டிகிரி வரை தாங்கும் அலுமினியத்துக்கு அது உண்மையிலேயே நன்றாக உதவும். ஆனால் கைப்பிடிக்கு அதை உபயோகித்தால், கம்பி உருகும் முன்பே கைப்பிடி உருகத் தொடங்கிவிடும்.

அலுமினியத்தின் குணம் முற்றிலும் வேறு. அது 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் கண்ட மின்முறையால் மலிவானது. ஆல்பிரட் சாட்டர்டன் 1890களின் இறுதியில் சென்னைக் கலைப்பள்ளியில் அதைப் பாத்திரமாக்கும் தொழிலைத் தொடங்கிவைத்தார். ஆலுவாவுக்கு அருகே 1943இலும் மேட்டூரில் 1965இலும் உருக்காலைகள் எழுந்தபின் நம் அடுக்களைக்கு அது சொந்தமாகிவிட்டது. அந்தச் சாதுவான சட்டிதான் பற்றவைப்பவரின் கையில் பெரும் பிடிவாதக்காரனாக மாறுகிறது.

பிடிவாதத்துக்குக் காரணம் அதன் தோல். அலுமினியத்தைச் சுரண்டிய கணத்திலேயே காற்றிலுள்ள பிராணவாயு அதனோடு சேர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆக்சைடுத் தோலை உண்டாக்குகிறது. உள்ளே இருக்கும் உலோகம் 660 டிகிரியில் உருகும். மேல்தோல் உருக 2000 டிகிரிக்குமேல் வேண்டும். எனவே உள்ளே நீராகிவிட்ட உலோகம் ஒரு பைக்குள் இருப்பதுபோல் நிற்கும்; இரண்டு துளிகள் அருகருகே இருந்தும் ஒன்று சேரா. இரும்பைப்போல் உருகும் முன் சிவந்து எச்சரிக்கும் வழக்கமும் அதற்கு இல்லை. பொறுமை இழந்து தீயை மிகுத்தால் தோல் கிழிந்து, அடியிலுள்ளதெல்லாம் ஒரே நொடியில் கீழே விழுந்துவிடும். அலுமினியத் தகட்டைப் பதமாக்கும் தகரவேலைக்காரர்கள் இதற்கு அழகான ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். அசிட்டிலீன் சுடரைப் புகையவிட்டுத் தகட்டின்மேல் கரியைப் பூசுவார்கள். பின்னர் நல்ல சுடரால் சுட்டு வரும்போது, ஏறத்தாழ 400 டிகிரியில் அந்தக் கரி எரிந்து மறையும். கரி மறைந்த இடம் பதமாகிவிட்டது. அங்கிருந்து சுடரை நகர்த்திவிட வேண்டும்.

அந்தத் தோலை நீக்க முற்காலத்தில் குளோரைடு, புளோரைடு உப்புகள் கலந்த பொடியைத் தூவி வாயுச்சுடரால் பற்றவைத்தனர். பொடி தோலைக் கரைக்கும்; ஆனால் வேலை முடிந்தபின் வெந்நீரால் நன்கு கழுவாவிட்டால் அதே பொடி ஒட்டையும் கரைத்துவிடும். பழைய ஒட்டுகள் பல சில மாதங்களில் வெண்பூத்துப் பிரிந்ததற்குக் கழுவாமையே காரணம். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானத் தொழிற்சாலையில் உருவான முறையில் பொடி இல்லை. டங்ஸ்டன் முனையிலிருந்து மின்வில் எழுகிறது. ஆர்கான் போன்ற மந்த வாயு அதனைக் காற்றிலிருந்து மறைக்கிறது. அலுமினியத்துக்கு மாறுதிசை மின்சாரத்தைப் பயன்படுத்துவர். மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது ஆக்சைடுத் தோல் உடைந்து சிதறுகிறது. மறுதிசையில் பாயும்போது உலோகத்துக்குள் வெப்பம் இறங்குகிறது. நொடிக்குப் பலமுறை துடைப்பதும் சுடுவதுமாக வேலை நடக்கிறது. கறுப்புக் கண்ணாடி வழியே இதைப் பார்ப்பவர்க்கு, மங்கலான உலோகம் திடீரென்று கண்ணாடிபோல் தெளிவது தெரியும்; கம்பியை ஊட்ட வேண்டிய தருணம் அதுவே.

கொங்கு நாட்டில் அலுமினிய உறுப்புக்கு நேரும் கேடுகளில் நான் அதிகம் கண்டது தண்ணீரால் வந்த கேடு. பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் செய்து, பின்னர் பத்மினி என்று பெயர்பெற்ற பியட் 1100 வண்டியில் எஞ்சினின் அடிப்பகுதி இரும்பு, தலைப்பகுதி அலுமினியம். சிறுவாணித் தண்ணீரை வண்டிக்கு ஊற்றும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஊரின் பெயரிலேயே கிணறு இருக்கும் எங்கள் பக்கத்தில் கிணற்று நீரைத்தான் ஊற்றினோம்; ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் உப்பும் கூடிற்று. உப்பு நீர், இரும்பு, அலுமினியம் மூன்றும் ஓரிடத்தில் கூடினால் மேலே சொன்ன மின்கலந்தான். இம்முறை தேய்வது அலுமினியம். நீர்வழிகளின் ஓரம் கறையான் அரித்ததுபோல் ஆகி, நீர் எஞ்சினுக்குள் கசியும். போதாக்குறைக்கு, ஒரே வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். ஆகையால் தண்ணீர் வற்றிச் சூடேறிய வண்டியில் தலைப்பகுதி வளைந்தும் போகும்.

அதனைச் செப்பனிடுவோர் செய்யும் முதல் தவறு, இரும்பு உறுப்புகளோடு சேர்த்து அதையும் சோடாக்காரக் கொப்பரையில் போட்டு வேகவைப்பது. காரம் இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கை மட்டுமே நீக்கும்; அலுமினியத்தையோ நுரை பொங்கக் கரைத்துவிடும்; எழும் வாயு ஹைட்ரஜன் என்பதால் அருகில் தீயும் ஆகாது. மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும். வார்ப்பின் நுண்துளைகளில் பல்லாண்டுகளாக ஊறிய எண்ணெய் எளிதில் வராது. மெல்லச் சூடேற்றித் துடைத்து, மறுபடி சூடேற்றித் துடைத்து, துணியில் கறை படியாத வரை தொடர வேண்டும். விரிசல் இருப்பின் அதன் இரு நுனிகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. பின் விரிசல் நெடுகப் பள்ளமாகக் குடைந்து, உறுப்பு முழுவதையும் 150 முதல் 200 டிகிரி வரை சீராகச் சூடேற்றி, சிலிக்கான் 5 விழுக்காடு கலந்த அலுமினியக் கம்பியால் நிரப்புவர். முடிந்ததும் சாம்பலில் புதைத்து ஓர் இரவு ஆறவிடுவர். அவசரப்பட்டுக் காற்றில் வைத்தால் ஒட்டின் பக்கத்திலேயே ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்கும். அந்த ஓசையைக் கேட்டவர் மறுமுறை அவசரப்படமாட்டார். ஆறிய பின் முகத்தைக் கடைந்து சமன்செய்து, எஃகு அளவுகோலை நேராக நிறுத்தி, கீழே ஒளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி, செங்கல்லின்மேல் வழிந்துபோன என் கைப்பிடிக்கு வருகிறேன். அதை உயிர்ப்பிக்க முடியாது. புதிதாக வார்ப்பதே வழி. அதே பக்கத்துப் பின்கதவின் கைப்பிடி ஒத்த வடிவம் உடையது. சாவித்துளை மட்டும் இல்லை. அதைக் கழற்றிக்கொண்டு கோவையில் ஒரு வார்ப்பட வேலைக்காரரிடம் சென்றேன். மண்ணச்சில் வார்க்கத் துத்தநாகத்தைவிடப் பித்தளை மேல் என்றார் அவர். முலாமும் நிற்கும், முறியவும் முறியாது. கைப்பிடியைக் கையில் புரட்டிப் பார்த்துவிட்டு, “சுருக்கத்துக்கு என்னங்க பண்ணப் போறீங்க?” என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. ‘அப்படியே வார்த்துக் கொடுங்கள்’ என்றேன். பித்தளை உறையும்போது நீளத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும் என்பதை, வார்த்து வந்த கைப்பிடியைக் கதவில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். 15 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு மில்லிமீட்டருக்குமேல் குறைவு. திருகு துளையில் இறங்கவில்லை.

இரண்டாம் முறை அவரே வழி சொன்னார். பழைய கைப்பிடியின் இரு முனைகளிலும் மெழுகு அப்பி நீளத்தைக் கூட்டி, உடலிலும் மெல்லிய பூச்சு ஏற்றி, அதை மாதிரியாகக் கொண்டு மண்ணில் பதித்தோம். சாவித்துளையைப் பின்னர் துளையிட்டு அரத்தால் வடிவாக்கினேன். அதற்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முலாமிட்டு வந்த கைப்பிடியை மாமன் வாங்கி, பழைய பின்கதவுக் கைப்பிடியை மறுகையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். “இது கனமா இருக்குதே, மாப்பிள்ளை” என்றார். “பித்தளைங்க மாமா” என்றேன். அவரே திருப்புளியை எடுத்து இரண்டையும் கதவுகளில் பூட்டினார்.